இரும்புக்கை மாயாவி வலங்கைமானில் பிறந்தால்

தமிழில் படக்கதை படித்து வளர்ந்தவர்களுக்கு இரும்புக்கை மாயாவியை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. ஆயினும் இன்றைய கல்லூரி மாணவர்களில் பலர் அவரைப் பெயரளவிலேயே அறிவர் என்பதால் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 1962-இல் பிரிட்டனின் 'வேலியண்ட்' வார இதழில் தொடங்கிய 'ஸ்டீல் க்ளா' என்னும் தொடரே இதன் மூலம். ஆய்வுக்கூட உதவியாளரான லூயி கிராண்டேல் ஒரு விபத்தில் வலக்கையை இழக்கிறார். அந்த இடத்தில் எஃகுக் கை பொருத்தப்படுகிறது. பின்னர் மற்றொரு விபத்தில் அவர் உடலில் கடுமையான மின்சாரம் பாய்கிறது. அவர் மாண்டுபோகவில்லை, கண்ணுக்குப் புலப்படாதவராகிறார். உடல் முழுதும் மறைந்தாலும் எஃகுக் கை மட்டும் மறைவதில்லை. மின்சாரத்தின் வேகம் அடங்கியதும் உடல் மீண்டும் தெரியத் தொடங்குகிறது. 1972-இல் சிவகாசியிலிருந்து வெளிவந்த முத்து காமிக்ஸின் முதல் இதழே இந்தக் கதைதான்.

இயக்குநர் லோகேஷ் கனகராஜ் 'இரும்புக்கை மாயாவி' என்ற பெயரில் ஒரு படம் எடுக்கும் விருப்பத்தைப் பல ஆண்டுகளாகப் பேட்டிகளில் சொல்லிவருகிறார். யார் எடுத்தாலும், எப்படி எடுக்கப்பட வேண்டும் என்று கேட்கும் உரிமை அரை நூற்றாண்டுக் காலம் அதைப் படித்து வந்த வாசகர்களுக்கு உண்டு. காவிரிப் படுகையில் வன்கொடுமை வழக்குகளை நடத்திவரும் வழக்கறிஞர்கள் என்ற முறையில் நம் மனத்திலும் அதற்கு ஒரு திரைவடிவம் இருக்கிறது. அது வலங்கைமானில் தொடங்குகிறது.

கை தெரியும், ஆள் தெரியாது. இந்த ஒற்றை விதியை மட்டும் படம் கைவிடக் கூடாது. இலண்டன் வாசகனுக்கு அது ஒரு வேடிக்கையான கற்பனை. அந்தரத்தில் மிதந்து வரும் கையைக் கண்டு காவலர்கள் அலறுவதை அவன் ரசித்திருப்பான். நெல் விளையும் நிலத்தில் நின்று அதே படத்தைப் பார்ப்பவருக்கு அது வேறு பொருள் தருகிறது. நாற்று முடியைப் பிரித்து நடும் கையை ஊர் பார்க்கிறது. கதிர் அறுக்கும் கையையும், களத்தில் கட்டடிக்கும் கையையும், பிணத்துக்குப் பறை கொட்டும் கையையும், சாக்கடைக்குள் இறங்கும் கையையும் பார்க்கிறது. அந்தக் கைக்குப் பின்னால் ஓர் உடலும் முகமும் பெயரும் இருப்பதை அது பார்ப்பதில்லை. கண்ணில் படாதிருத்தல் படக்கதையில் ஓர் ஆற்றல். சேரியில் அது பிறந்த நாள் முதல் சுமத்தப்பட்ட நிலை. ஆகவே நம் படத்தின் மாயாவிக்கு மறைவது எளிதாகவும் மீண்டும் தெரிவது கடினமாகவும் இருக்க வேண்டும்.

ஏன் வலங்கைமான்? முதற்காரணம் ஊரின் பெயரிலேயே இருக்கிறது. வலக்கையில் மான் ஏந்திய சிவனால் வந்த பெயர் என்று தலபுராணம் விளக்கும். நமக்கு அந்தச் சொல்லில் வேறொன்றும் கேட்கிறது. இடைக்காலத் தமிழகத்தில் சாதிகள் வலங்கை, இடங்கை எனப் பிரிந்து நின்றபோது பறையர்கள் வலங்கையில் வைத்து எண்ணப்பட்டனர். கொடிக்கும் குடைக்கும் ஊர்வல உரிமைக்கும் நடந்த சச்சரவுகளில் வலங்கைக்காக முன்னே நின்று அடிபட்டவர்களும் அவர்களே. வலக்கையை இழந்த ஒருவரின் கதைக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைப்பது அரிது.

இரண்டாவது காரணம் வெடி. திருவாரூர் மாவட்டத்தின் இந்தச் சிற்றூரில் வாணவெடியும் நாட்டுவெடியும் தயாரிக்கும் தொழில் நெடுங்காலமாக நடக்கிறது. 'குட்டி சிவகாசி' என்றே பலர் இதைக் குறிப்பிடுவர். மாயாவியைத் தமிழில் அச்சிட்டதும் சிவகாசிதான் என்பது நமக்குக் கூடுதல் மகிழ்ச்சி. எனவே கிராண்டேலின் ஆய்வுக்கூடம் நமக்கு வேண்டாம். குறுவை அறுப்புக்கும் தாளடி நடவுக்கும் இடையில் வேலையில்லாத நாள்களில் வெடிமருந்து இடிக்கப் போகும் ஒரு கூலித் தொழிலாளியே நம் நாயகர். அவர் ஒரு பெண். 'மாயாவி' என்னும் சொல்லுக்குத் தமிழில் பால் கிடையாது. வயலில் நடவும் களையெடுப்பும் பெரிதும் பெண்களின் கைகளாலேயே நடக்கின்றன. பெண் நாயகியின் படத்துக்குக் கூட்டம் வராது என்று தயாரிப்பாளர்கள் சொல்லும் சாக்கை, கள்ளியங்காட்டு நீலி என்ற நாட்டார் கதைமாந்தரை எடுத்தாண்ட மலையாளத்தின் 'லோகா' 2025-இல் உடைத்துவிட்டது.

வெடி வெடிக்கிறது, கை போகிறது. வழக்கமான மீநாயகப் படத்தில் இது இரண்டு நிமிடக் காட்சி. நம் படத்தில் அரைமணி நேரம் இங்கேயே நிற்க வேண்டும் என்போம். ஏனெனில் கைக்குச் சட்டத்தில் விலை இருக்கிறது. 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டத்தில் முதல் அட்டவணை என்று ஒன்று இருந்தது. கட்டைவிரல் போனால் உழைப்புத்திறனில் 30 விழுக்காடு இழப்பு, ஒரு கை முழுதும் போனால் 60 விழுக்காடு என்று அது கணக்கிட்டது. ஒரு கையில்லாமல் நாற்றுப் பறிக்கவும் முடியாது, நடவும் முடியாது, கட்டுத் தூக்கவும் முடியாது. பிறகு எஞ்சிய 40 விழுக்காடு எங்கே இருக்கிறது? 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஒரு தச்சுத் தொழிலாளியின் வழக்கில் இதற்கு விடை தந்தது. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய இயலாது. ஆகவே அவருடைய இழப்பு முழு இழப்பே என்றது. அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு இன்றும் நாம் வாதாடுகிறோம்.

ஆனால் அந்தக் கட்டத்துக்கு வரும் முன்பே பெரும்பாலான வழக்குகள் வேறோர் இடத்தில் முட்டி நிற்கும். வருகைப் பதிவேட்டில் அவர் பெயர் இருக்காது. கூலி கையில் கொடுக்கப்பட்டது. சீட்டு எதுவும் இல்லை. அப்படி ஒருவர் தம்மிடம் வேலை செய்யவே இல்லை என்று முதலாளி தரப்பு பதில் மனுவில் எழுதும். படத்தின் முதல் 'மறைதல்' இங்கே நிகழ வேண்டும். மின்சாரம் இன்னும் பாயவில்லை; கட்டுப்போட்ட கையோடு அவர் அலுவலக மேசை முன்னே நிற்கிறார்; பதிவேட்டில் அவர் இல்லை. தந்திரக் காட்சிக் கலைஞருக்கு இதில் வேலை ஒன்றும் இல்லை.

பிறகு எஃகுக் கை வரட்டும். மிராசுதாரின் பம்புசெட்டுக் கொட்டகையில் மின்சாரமும் பாயட்டும். அவற்றையெல்லாம் இயக்குநர்கள் நம்மைவிட நன்றாகச் செய்வார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. தமிழ்த் திரை நம் மீநாயகர்களை இதற்கு முன்பும் எடுத்தாண்டிருக்கிறது. திருவிழாக் கடைகளில் படம் போட்டு விற்ற 'பெரிய எழுத்து' மதுரைவீரன் கதையும் காத்தவராயன் கதையும்தான் நம் பாட்டன்மாரின் காமிக்ஸ். 1956-இல் எம்.ஜி.ஆர். மதுரை வீரனாகவும் 1958-இல் சிவாஜி காத்தவராயனாகவும் நடித்தனர். இரு கதைகளின் மையமும் ஒன்றே. ஒடுக்கப்பட்ட சமூகத்தின் இளைஞன் சாதியை மீறிக் காதலிக்கிறான். ஒருவன் மாறுகால் மாறுகை வாங்கப்படுகிறான், மற்றவன் கழுவேற்றப்படுகிறான். இன்றைய மொழியில் இவை ஆணவக் கொலைகள். ஆனால் கதை தொடங்கும்போதே ஒரு காப்பு கட்டிவிடுகிறார்கள். மதுரை வீரன் காசி மன்னனின் மகனாம். மாலை சுற்றிப் பிறந்ததால் காட்டில் விடப்பட்டு அருந்ததியர் வீட்டில் வளர்ந்தவனாம். காத்தவராயன் சிவன் பார்வதியின் பிள்ளையாம். இந்தப் பிறப்புக் கதைகள் பின்னாளில் ஒட்டவைக்கப்பட்டவை என்று நா. வானமாமலை போன்ற ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். சக்கிலியர் வீட்டுப் பிள்ளைக்கு அத்தனை வீரம் இருந்தது என்று ஒப்புக்கொள்ள மனம் வராதபோது அரச இரத்தம் தேவைப்பட்டது. திரைப்படங்களும் அந்த ஒட்டை உரித்துப் பார்க்கவில்லை.

இன்றும் திரைக்கதை விவாதத்தில் யாரேனும் ஒருவர், இந்தப் பெண் உண்மையில் பெரிய இடத்துப் பிள்ளை என்று ஒரு திருப்பம் வைக்கலாமா என்று கேட்பார். கூடாது. அவருடைய தாய் நடவு நட்டவர், பாட்டி பண்ணையாள், அவ்வளவே. ஆற்றலுக்கு வேறு மூலம் வேண்டுமென்றால் பாட்டியின் வரலாற்றில் தேடலாம். கீழத்தஞ்சையில் பண்ணையாள்களுக்குத் தரப்பட்ட தண்டனைகள் சவுக்கடியும் சாணிப்பாலும். மாட்டுச் சாணத்தைக் கரைத்துக் குடிக்க வைத்தார்கள். பி. சீனிவாசராவும் தோழர்களும் கட்டிய விவசாயச் சங்கத்தின் போராட்டத்தால் 1944-இன் மன்னார்குடி ஒப்பந்தத்தில் அவை நிறுத்தப்படுவதாக ஒப்புக்கொள்ளப்பட்டது. 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1) பிரிவைத் திறந்து பாருங்கள். பட்டியலின் முதல் குற்றமே, உண்ணத்தகாத அல்லது அருவருக்கத்தக்க பொருளைப் பட்டியல் சாதியினர் வாயில் திணிப்பதும் குடிக்க வைப்பதும்தான். தன் பாட்டி குடித்ததை அந்த வரியில் கண்டுகொள்ளும் ஒரு பெண்ணுக்கு வேறு தோற்றக் கதை எதற்கு?

இனி எதிர்நாயகன். படக்கதை மாயாவிக்குப் பலவகை எதிரிகள் உண்டு. விந்தை விஞ்ஞானிகளும் அவர்களுள் அடக்கம். நம் படத்தின் எதிரியும் ஒரு மாயாவியே. அவருக்கு மின்சாரம்கூடத் தேவையில்லை.

1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கீழமை நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழார்களை 1973-இல் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. அந்தத் தீர்ப்பின் தர்க்கத்தைச் சட்ட மாணவர்கள் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். பெருநிலமும் செல்வமும் உடையவர்கள், அவர்களில் ஒருவர் காரும் வைத்திருப்பவர். அத்தகையோர் தாங்களே நடந்து போய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்றது நீதிமன்றம். கண்ணால் கண்டவர்கள் சொன்ன சாட்சியம் இருந்தது. ஆயினும் சொத்து அவர்களைச் சம்பவ இடத்திலிருந்து மறைத்துவிட்டது.

அடுத்து வேங்கைவயல். புதுக்கோட்டை மாவட்டத்தின் அந்தச் சிற்றூரில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது 2022 டிசம்பரில் தெரியவந்தது. தொட்டியின் மேல் ஏறிய கையை யாரும் காணவில்லை. ஈராண்டுகள் கழித்து, 2025 ஜனவரியில், சிபிசிஐடி தாக்கல் செய்த குற்றப்பத்திரிகையில் அதே தலித் மக்களைச் சேர்ந்த மூவர் பெயர்களே இருந்தன. ஊர் மக்களும் இயக்கங்களும் அதை ஏற்க மறுத்தனர். அந்த வழக்கின் முடிவை இங்கே முன்கூட்டிச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் 'அடையாளம் தெரியாத நபர்கள்' என்று முதல் தகவல் அறிக்கையில் எழுதப்படும் சொற்றொடரை எத்தனை முறை படித்திருப்போம் என்று எண்ணிப் பார்க்கையில், மறையும் ஆற்றல் யாரிடம் உண்மையில் இருந்துவந்தது என்பது விளங்கும்.

ஆகவே படத்தின் மோதல் இரு மாயாவிகளுக்கிடையே நடப்பது. ஒருவர் தான் இருப்பதை நிறுவ முடியாதவர். மற்றவர், தான் அங்கே இருந்ததை எவராலும் நிறுவ முடியாதபடி பார்த்துக்கொள்பவர்.

இந்த மோதலை முடிக்க எஃகுக் கையால் நான்கு குத்துப் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. அந்த ஆசையை நாம் இகழவில்லை. தீர்ப்பு வந்த நாளில் நீதிமன்ற வாசலில் நின்று அழுதவர்களோடு நின்றவர்களுக்கு அந்த ஆசை புரியும். 1938-இல் ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்னும் இரு யூத இளைஞர்கள் படைத்த சூப்பர்மேன், தன் முதல் கதையிலேயே செய்யாத குற்றத்துக்காக மரண தண்டனைக்குக் காத்திருக்கும் ஒரு பெண்ணை மீட்கிறான்; மனைவியை அடிப்பவனைச் சுவரில் மோதுகிறான். சட்டம் கைவிட்ட இடத்தில்தான் மீநாயகன் பிறக்கிறான். முத்து காமிக்ஸ் தொடங்கிய அதே 1972-இல்தான் அமெரிக்காவில் லூக் கேஜ் என்னும் கறுப்பின நாயகனின் இதழ் வந்தது. பம்பாயில் தலித் பேந்தர்ஸ் தோன்றியதும் அதே ஆண்டில். மூன்றுக்கும் நேரடித் தொடர்பு ஏதும் இல்லை. ஆனாலும் அந்த ஆண்டைக் குறித்து வைத்துக்கொள்ளத் தோன்றுகிறது.

குத்துவதில் நமக்குள்ள தயக்கம் வேறு. அடுத்த நாள் காலை சேரிக்கு என்ன நடக்கும் என்பதைத் திரை காட்டுவதில்லை. நாயகி பறந்து போய்விடலாம். தெருவில் உள்ளவர்கள் அதே மிராசுதாரின் வரப்பில்தான் நடக்க வேண்டும், அதே கடையில்தான் அரிசி வாங்க வேண்டும். எதிர்வழக்கு அவர்கள் மீதுதான் பதிவாகும். 2023-இன் 'மாவீரன்' இந்த இடத்தில் பாராட்டத்தக்கது. அதில் நாயகன் ஒரு படக்கதை ஓவியன், இயல்பிலேயே பயந்தவன். இடிந்து விழும் அடுக்குமாடிக்குள் குடியமர்த்தப்பட்ட மக்களை அவன் கடைசிவரை விட்டு விலக முடிவதில்லை. அப்படம் வறுமையைப் பேசிய அளவுக்குச் சாதியைப் பெயர் சொல்லிப் பேசவில்லை என்பது நம் குறை. 'மின்னல் முரளி'யிலோ, தையற்காரனான நாயகனைவிடத் தேநீர்க் கடையில் வேலை செய்யும் எதிர்நாயகனே நம் மனத்தில் தங்கிவிடுகிறான்; ஊர் ஒதுக்கிய ஒருவனின் வலியை அப்படம் அவனிடம் கொடுத்துவிட்டது.

வழக்கறிஞரை நாயகனாக்கும் உத்தியையும் தவிர்க்க வேண்டும். 'ஜெய் பீம்' வெளிவந்த 2021-இல் நம்மைப் பார்த்துப் பலர் கைகுலுக்கினர், கூச்சமாகவே இருந்தது. அந்தப் படத்தை நகர்த்துவது, சமரசப் பணத்தை மறுத்து நடந்தே போகும் செங்கேணியின் கால்கள். வழக்கறிஞர் வாதாடுவதற்கு ஒருவர் முதலில் நின்று உண்மையைச் சொல்லியாக வேண்டும். அந்த ஒருவரைக் காப்பாற்றுவதுதான் வன்கொடுமை வழக்கின் முழுப்பாடும். விசாரணை தொடங்க ஆண்டுகளாகும். அதற்குள் ஆள் மூலம் பேச்சு வரும், பணம் வரும், மிரட்டல் வரும். அண்ணன் தம்பிக்கு வேலை மறுக்கப்படும். கூண்டில் ஏறியவர் எதையும் பார்க்கவில்லை என்பார். அரசு வழக்கறிஞர் அவரைப் பிறழ்சாட்சி என்று அறிவிப்பார். 2015 திருத்தத்தால் சேர்ந்த 15-ஏ பிரிவு சாட்சிக்குப் பாதுகாப்பு, பயணச் செலவு, தேவைப்பட்டால் வேறிடத்தில் குடியமர்த்தல் என்று எல்லாவற்றையும் அரசின் கடமையாக்குகிறது; நடவடிக்கைகளைக் காணொளியாகப் பதியவும் சொல்கிறது. அந்தப் பிரிவைப் பற்றிச் சாட்சிகளுக்குச் சொல்பவர் பெரும்பாலும் நாம்தான் என்பது வேறு கதை.

இங்கேதான் படத்தின் உச்சகட்டம் அமைகிறது. மீநாயகர்கள் பலரும் முகத்தை மறைப்பவர்கள், பெயர் இரகசியம். நீதிமன்றம் அதற்கு நேர்மாறானது. பெயர், தந்தை பெயர், வயது, ஊர் என்று திறந்த மன்றத்தில் சொல்லிவிட்டுத்தான் சாட்சியம் தொடங்க வேண்டும். காணமுடியாத உடலோடு அன்றிரவு நடந்ததை அருகிலேயே நின்று பார்த்தவர் நம் மாயாவி ஒருவரே. யார் தீ வைத்தார், யார் தொட்டியில் ஏறினார் என்று அவருக்குத் தெரியும். ஆனால் தெரியாத உருவம் சாட்சி சொல்ல முடியாது. மறைந்திருக்கும்வரை அவருக்கு ஆபத்தில்லை. அவர் சொல்வதற்கு மதிப்பும் இல்லை. அந்த ஆற்றலைக் கைவிடுவதா என்பதே அவர் எடுக்க வேண்டிய முடிவு.

முடிவெடுக்கும் காட்சியை வலங்கைமான் மாரியம்மன் கோயிலில் வைக்கலாம். ஊருக்கு வராத வாசகர்களுக்காகச் சொல்கிறோம்: பங்குனித் திருவிழாவில் இங்கே பாடைக்காவடி எடுப்பார்கள். கொடிய நோயிலிருந்து பிழைத்தவர் குடமுருட்டியில் குளித்து, பிணம் போலப் பச்சைப் பாடையில் கிடத்தப்படுவார். உறவினர் தோள் கொடுக்க, முன்னே தீச்சட்டி போக, தப்பு முழங்க, பாடை கோயிலைச் சுற்றி வரும். பிறகு பூசாரி தீர்த்தம் தெளித்துத் திருநீறு இட்டதும் 'பிணம்' எழுந்து நடக்கும். செத்தவர் எழும் இந்தக் காட்சிக்கு ஈடான ஒன்றை எந்த அயல்நாட்டுப் படமும் கற்பனை செய்து நாம் பார்த்ததில்லை. ஆனால் படக்கருவி பாடையில் கிடப்பவரிடமிருந்து விலகித் தப்பு அடிப்பவர் கையின் பக்கம் திரும்ப வேண்டும். சாவு வீட்டிலும் இதே கைதான் அடித்தது. பாடையில் கிடந்தவர்கள் எழுந்து வீட்டுக்குப் போவார்கள். கூட்டத்தில் யாருக்கும் தெரியாமல் நிற்கும் நம் மாயாவி அந்தக் கையை மட்டும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருக்கிறார். வசனம் தேவையில்லை.

காட்சிமொழி பற்றி ஒன்று. மாயாவி என்றதும் நீலநிற மின்னல் கோடுகளும் கருவி ஓசையும் வேண்டும் என்று நினைப்பார்கள். அண்ணல் அம்பேத்கரின் வாழ்வைச் சொல்லும் 'பீமாயணா' படக்கதையை 2011-இல் கோண்டு ஓவியர்களான துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் வரைந்தபோது, கதைமாந்தரைச் சதுரக் கட்டங்களுக்குள் அடைக்க மறுத்தனர். இன்சொற்களுக்குப் பறவை வடிவக் குமிழியும் நஞ்சுச் சொற்களுக்குத் தேள் கொடுக்கு வைத்த குமிழியும் வரைந்தனர். சொல்லே கொட்டும் என்பதை அவர்கள் இப்படிப் படமாக்கினர். நம் ஒளிப்பதிவாளர் அந்தப் புத்தகத்தை ஒருமுறை புரட்டினால் போதும். மின்னல் தானே குறைந்துவிடும்.

கடைசிக் காட்சி சிறப்பு நீதிமன்றம். கூண்டுக் கம்பியின் மேல் எஃகுக் கை மட்டும் தெரிகிறது. பார்வையாளர் வரிசையில் சிரிப்பு. எதிர்த்தரப்பில் ஒருவர் கைப்பேசியை எடுக்கிறார், காவலர் தடுக்கிறார். சாட்சி எங்கே என்று நீதிபதி கேட்கிறார். அரசு வழக்கறிஞர் பதில் சொல்லாமல் காத்திருக்கிறார். மின்சாரம் அடங்க அடங்க, கைக்கு மேலே மணிக்கட்டின் தழும்பு, முழங்கை, சாயம் போன இரவிக்கையின் கைப்பகுதி, தோள், கழுத்து, கடைசியாக முகம். நாற்பது வயதுக்காரி. எழுத்தர் பெயர் கேட்கிறார். சொல்கிறார். தந்தை பெயர் கேட்கிறார். சொல்கிறார். ஊர் கேட்கிறார், வலங்கைமான் பக்கத்தில் தம் தெருவின் பெயரையும் சேர்த்துச் சொல்கிறார். அன்றிரவு யாரைப் பார்த்தீர்கள் என்று கேட்கப்பட்டதும் இரும்புக் கை உயர்ந்து முதல் வரிசையை நோக்கி நீள்கிறது. பிறகு எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணைக்கு எழுந்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதல் கேள்வியைத் தொடங்குகிறார்.